காத்திருந்த நேரம் பட்டியலில் இல்லை

நான் எழுதி வெளியில் வந்தது என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதுவும் அச்சில் வந்ததில்லை, ஒரு இலவச எடிட்டரின் உதவிக் கோப்பில் வந்தது. நிரல் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் சாதாரண எடிட்டர் அது. அதற்குள் புரொஃபைலர் என்று ஒரு கருவி உண்டு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கதை கவிதை எழுதுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஒன்றரைப் பக்கத்தை ஏழு தடவை அடித்து அடித்து எழுதியவள் நான். ஏன் எழுதினேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள். பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை, கார்களுக்குள் போகும் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் செய்வார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். டிப்ளமோ படித்த நான் டெஸ்ட் பிரிவில் இன்ஜினியர். பி.இ. படித்த நாலு பேருக்கு நடுவில் டிப்ளமோக்காரி என்றால் வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. எனக்கு இருந்தது.

வேலை இதுதான். லைனின் கடைசியில் மூன்று டெஸ்ட் ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். போர்டை எடுத்து ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் எழுதிய நிரல் ஓடும். பக்கத்தில் இருக்கும் மீட்டரிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு. பச்சை வரும்வரை மூடியில் இருந்து கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் மறுபடி முதலில் இருந்து. ஒரு மணி நேரத்தில் எத்தனை போர்டு என்பதைப் பலகையில் எழுதுவார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கவுண்ட் என்று பெயர். அங்கே பேச்சு, மூச்சு எல்லாம் கவுண்ட்தான்.

மூன்றாம் ஸ்டேஷனில் இருந்த பெண் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தாள். எல்லாரும் என்னை மேடம் என்பார்கள், அவள் மட்டும் அக்கா என்பாள். ஒரு வருடப் பயிற்சியில் வந்தவள். பயிற்சி முடியும்போது ஒரு லிஸ்ட் போகும். அதில் பெயர் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். லிஸ்ட்டுக்கு ஒரே அளவுகோல் கவுண்ட். அவளுடைய கவுண்ட் மாதக் கணக்காக மற்ற இரண்டு பேரைவிடக் குறைவாகவே இருந்தது.

அவளை ஒன்றாம் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பார்த்திருக்கலாமே என்று இப்போது கேட்கத் தோன்றும். முடியாது. எந்த ஸ்டேஷனுக்குத் தேர்வு எழுதித் தேறினாயோ அந்த எண் உன் பேட்ஜில் இருக்கும், அதில் மட்டும்தான் உட்காரலாம். அப்படி ஒரு சட்டம். தரம் பார்க்க வருகிறவர்கள் பேட்ஜைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

லைன் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். கத்துவார், ஆனால் கெட்டவர் இல்லை. ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், மூணாம் நம்பர் பொண்ணுக்குக் கை ஸ்லோவு. ஆனா நல்ல பொண்ணு, லீவே போடாது. லிஸ்ட்டு போவப் போவுது. மெஷின்ல எதுனா கோளாறு கீதான்னு ஒரு வாட்டி பாத்து எழுதிக் குட்த்துடுங்க. என் மனசுக்கு நிம்மதியாப் பூடும்."

எனக்கு அப்போது அந்த எடிட்டர் புதுசு. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் கிடைத்தது. அதில் இருந்த புரொஃபைலர், நிரலை ஓட்டிப் பார்த்து, எந்தப் பகுதி எத்தனை நேரம் எடுத்தது என்று பட்டியல் போட்டுத் தரும். நாலு தசம இடம் வரைக்கும்! நாலு தசம இடம் இருந்தால் பொய்யே வராது என்று நம்பும் வயசு. பட்டியலைப் பார்த்தால் எனக்கே நான் பெரிய ஆள் மாதிரி தெரிந்தது.

ஒன்றாம் ஸ்டேஷனில் ஓட்டினேன். மொத்தம் இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் ஸ்டேஷனில், அந்தப் பெண் போர்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, அதே நிரலை ஓட்டினேன். அதே இரண்டு வினாடி. மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசம்.

"பாரு, ரெண்டும் ஒரே வேகம்தான்" என்று திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் பட்டியல், விரலை வைத்து வரிவரியாகக் கீழே வந்தாள். "அக்கா, நான் கைய அழுத்திக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்லா, அது இதுல எங்கன இருக்கு?"

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. கீழ டோட்டல் இருக்கு பாரு."

"இல்லக்கா, இதுதான் நிக்குது. நான் நிக்கல. நெசமாத்தான் சொல்லுதேன்."

எனக்குக் கோபம் வந்தது. நாலு தசம இடத்தைக் காட்டுகிறேன், இவள் என்னடா என்றால் நெசமாத்தான் என்கிறாள். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். மூடியை அழுத்தியதில் இருந்து பச்சை வரும்வரை அதைப் பார்த்திருந்தால் போதும், பத்து வினாடி வேலை. பார்க்கவில்லை. இரண்டு ஸ்டேஷன்களிலும் நிரலின் வேகம் ஒன்றே, வித்தியாசம் ஆபரேட்டரின் கையில்தான் என்று எழுதி, பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் பின் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

லிஸ்ட்டில் அவள் பெயர் இல்லை. கடைசி நாளில் கேன்டீனில் என்னைத் தேடி வந்து, "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். சாம்பார் சாதத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அவள் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் கவுண்ட் ஏறவில்லை. பழகட்டும் என்று சூப்பர்வைசர் விட்டு வைத்திருந்தார். ஒருநாள் அவள் டீக்குப் போயிருந்தபோது, வேறு ஏதோ வேலையாக வந்த நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு போர்டை வைத்து அழுத்தினேன். அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். கட்டை விரல் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் பச்சை வந்தது. ஒன்றாம் ஸ்டேஷனுக்குப் போய் அங்கே இருந்த பெண்ணை நகரச் சொல்லி அழுத்தினேன். சட்டென்று பச்சை.

கோளாறு மீட்டரில் இருந்தது. கோளாறு என்றுகூடச் சொல்ல முடியாது. வருடாந்தரப் பரிசோதனைக்கு வெளியே போய் வந்த மீட்டர் அது. ஒரே அளவைப் பல தடவை எடுத்துச் சராசரி சொல்லும்படி அங்கே யாரோ வைத்துவிட்டு அப்படியே அனுப்பியிருந்தார்கள். என் நிரல் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா நின்றது. புரொஃபைலர் நிரல் வேலை செய்த நேரத்தை மட்டும்தான் எண்ணியது, சும்மா நின்ற நேரத்தை எண்ணவே இல்லை. சந்தேகம் தீராமல் மேஜைக்குப் போய், ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் தூங்கு என்று ஒற்றை வரி நிரல் எழுதி புரொஃபைலரில் ஓட்டினேன். ஒரு முழு நிமிடம் கழித்துப் பட்டியல் வந்தது. மொத்த நேரம் பூஜ்யம் என்றது.

எடிட்டரின் உதவிக் கோப்பைத் திறந்தேன். புரொஃபைலருக்கு மூன்றே வரி. இந்தப் பொத்தானை அழுத்து, ஒவ்வொரு பகுதியும் எடுக்கும் நேரம் தெரியும், அதிகம் எடுப்பது மேலே வரும். அவ்வளவுதான். காத்திருப்பது கணக்கில் வராது என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கேயோ ஒரு மூலையில், கடிகார நேரத்தை எண்ணு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டால் எல்லாம் வரும். அது எதற்கு என்று ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலையில், யாரும் வருவதற்கு முன் மூன்றாம் ஸ்டேஷனுக்குப் போய் மீட்டரில் ஒரு பொத்தானை அமுக்கி, அது சராசரி பார்க்காதபடி ஆக்கிவிட்டேன். அதோடு போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் தப்பு என்றால் டிப்ளமோக்காரியின் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே புதுப் பெண்ணின் கவுண்ட் ஏறியது. சூப்பர்வைசர் பலகையைத் தட்டிக் காட்டி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்தீங்களா மேடம், ஆள மாத்துனதும் இன்னாமா எகிறுது! உங்க ரிப்போர்ட்டு கரெக்ட்டு."

நான் சத்தமில்லாமல் திருத்தியதே வேலை போன அந்தப் பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இப்படித்தான் உதவிக் கோப்பை எழுத உட்கார்ந்தேன்; இலவச எடிட்டர் என்பதால் யார் வேண்டுமானாலும் குறிப்பு எழுதி அனுப்பலாம். பக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் இல்லாதவள், எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குச் சொல்லக் கிளம்பினேன். கம்பெனிக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது, ஃப்ளாப்பி வெளியே கொண்டுபோனால் கேட்டில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நோட்டில் கையால் எழுதி, சனிக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடிப்பேன்.

முதலில் எழுதியது உதவிக் குறிப்பே இல்லை, சண்டைக் கடிதம். இதை எழுதியவருக்கு மூளை இருக்கிறதா என்கிற ரீதியில் போனது. அதைக் கிழித்துப் போட்டேன். அடுத்து எழுதியது ஐந்து பக்கம், எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் கொட்டி. அதையும் கிழித்தேன். பிறகுதான் எங்கள் லைனில் செய்கிற மாதிரி செய்து பார்க்கத் தோன்றியது.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கு மேலேயும் வேலைக் குறிப்பு ஒன்று தொங்கும். அதை எழுதியவர், அந்த வேலையே தெரியாத ஒருத்தரைக் கூட்டி வந்து, குறிப்பை மட்டும் படித்துச் செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் பின்னால் நிற்கலாம், பேசக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தானாக நீட்டிக் காட்டிவிடும். படிக்கிறவர் எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியில் சிவப்புப் புள்ளி. புள்ளி இல்லாத தாள்தான் மேலே தொங்கும்.

பிரவுசிங் சென்டர்க்காரருக்குக் கொஞ்சம் நிரல் தெரியும். அதே எடிட்டரை அவர் கம்ப்யூட்டரில் இறக்கி, அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னாமா, எக்ஸாம் சூப்பர்வைசர் மாதிரி நின்னுக்கினு கீற? பயமா கீது" என்றார்.

"பேசாம படிங்கண்ணே."

மூன்றாவது வரியில் நின்றார். நாலாவதைத் தாண்டி ஐந்தாவதில் மறுபடி நின்றார். "பிராசசர் நேரம்னு போட்டுக்கிற. அது இன்னா தனி நேரம்? நம்ம கடியாரத்துல இல்லாத நேரமா?"

வாய் துறுதுறுத்தது. பேசாமல் சிவப்புப் புள்ளி வைத்தேன். இப்படி மூன்று சனிக்கிழமை. மற்றப் புள்ளிகள் போய்விட்டாலும், ஒவ்வொரு தடவையும் அவர் தடுமாறிய இடம் அந்தப் பிராசசர் நேரம்தான். நான் தடுமாறியதும் அதே இடத்தில்தான். கடைசியில் விளக்கத்தை எல்லாம் தூக்கிவிட்டு, ஒரு கேள்வியைத் தலைப்பாகப் போட்டேன்: காத்திருந்த நேரம் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? கீழே, இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு நிமிடம் தூங்கும் அந்த ஒற்றை வரி நிரல். டிக் போடாமல் ஒரு பட்டியல், டிக் போட்டு ஒரு பட்டியல், பக்கத்தில் பக்கத்தில். மீட்டர், பிரிண்டர், வேறு கம்ப்யூட்டர் எதனிடமாவது உன் நிரல் பதில் கேட்டு நின்றால், முதலில் இந்தக் கட்டத்தில் டிக் போடு என்று எழுதினேன். பிரவுசிங் சென்டர்க்காரர் தடையில்லாமல் ஒரே மூச்சில் படித்துச் செய்து முடித்தார். தலைப்புக் கேள்வி யாருடையது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

எடிட்டரைப் பராமரிப்பவர் வெளிநாட்டுக்காரர். அனுப்பியதற்கு நன்றி சொல்லி, பிறகு ஒன்று கேட்டிருந்தார்: இதை யாராவது உண்மையிலேயே குழப்பிக்கொள்வார்களா? நான் குழப்பிக்கொண்டேன், அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போனது என்று டைப் அடித்தேன். இரண்டாவது பாதியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் சேர்த்துவிட்டார். ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டியிருந்தார். கடைசியில் நான் ஒரு வரி வைத்திருந்தேன்: இந்தப் பட்டியலை மட்டும் வைத்து, இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்தக் கருவி நிரல்களைப் பற்றியது, மனிதர்களைப் பற்றியது இல்லை, யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று காரணம் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத்தான் கன்னத்தில் வாங்கிய மாதிரி இருந்தது. அந்த வரியைப் படிக்க வேண்டிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அதை எழுதியவளே அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்தேன். அந்தக் கோவில்பட்டிப் பெண் ஊருக்குப் போகவில்லை, அதே அறையில்தான் இருக்கிறாள் என்று லைனில் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஒரகடம் போகிற வழியில் வேறு ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்திருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டெஸ்டிங்ல கேக்கலியா நீ? அனுபவம் இருக்கே" என்றேன், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"அவுங்க டெஸ்டிங்லதான் போடுதேன்னாங்க. நாந்தான் கை மெதுவு, பேக்கிங்ல போடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். எதுக்கு மறுபடியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், பட்டியல், ஸ்டூலில் உட்கார்ந்தது, காலையில் பொத்தானை அமுக்கியது, எதையும் விடவில்லை. அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஊர்ல தீப்பெட்டி ஒட்டுதப்ப எங்க தெருவுலயே நாந்தான் வேகம்க்கா. இங்கன வந்து இப்படி ஆயிட்டோமேன்னு நெனச்சுக்கிட்டேன்." துணியைத் திரும்ப எடுத்துப் பிழிந்துகொண்டே, "கம்பெனில சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் சொல்லி என்னக்கா செய்ய?"

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசரிடம் போனேன். பழைய ரிப்போர்ட் தவறு என்று ஒரு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் இன்னா கத்து கத்திகினு இருந்தேன் தெரியுமா? இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு உனுக்கு?"

மேடம் போய் ஏம்மா ஆகியிருந்தது. சரிதான். எனக்கு ஒரு மெமோ வந்தது, அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வாயில்லை. சூப்பர்வைசர் அவராகவே மேலிடத்துக்கு நடையாய் நடந்து, அடுத்த லிஸ்ட்டில் அவள் பெயரைச் சேர்த்து, கடிதம் போட வைத்தார். வருவாளா என்று சந்தேகமாகத்தான் இருந்தது. வந்துவிட்டாள். பேட்ஜில் பழைய மூன்றாம் எண்; அங்கே இருந்த புதுப் பெண்ணை வேறு லைனுக்கு மாற்றியிருந்தார்கள்.

முதல் நாள் மத்தியானத்துக்குள் அவள் கவுண்ட் மற்ற இரண்டு பேரையும் தாண்டியது. சூப்பர்வைசர் பலகையில் எழுதிவிட்டு, இந்த முறையும் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சூப்பரு! இன்னா ஸ்பீடு கீது பாரு!" என்று கத்தினார். பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மூடியை அழுத்தினாள், பச்சை வந்தது. போர்டை எடுத்து வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அக்கா, நெசத்தச் சொல்லுங்க. எனக்காக மெஷின வேகமா வச்சிட்டீங்களா?"

மற்ற இரண்டு ஸ்டேஷன்களின் அளவுக்கு அதை வேகமாக வைத்தது நான்தான். ஆமாம் என்றால் தன் கை மெதுவு என்றே அவள் எடுத்துக்கொள்வாள். இல்லை என்றால் பொய். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த போர்டை எடுத்து வைத்து அழுத்தினாள்.